முதல் மெட்டில் இரண்டு விரல்

அன்று மூடுபனியா, மழையா என்று எனக்கு நிச்சயமில்லை. பனி என்றுதான் நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். ஆனால் பேராயரின் பிரதிநிதி எங்கள் கன்னியர் மடத்துக்குள் வந்தபோது அவருடைய மேலங்கியிலிருந்து நீர் சொட்டியதாகவும் ஒரு காட்சி மனதில் இருக்கிறது. பொலோனியா நகரின் நவம்பர்ப் பனி அப்படிச் சொட்டவும் கூடும். எது நான் கண்டது, எது பிறர் சொல்லக் கேட்டு ஒட்டிக்கொண்டது என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. மடத்தில் துணி வெளுக்கும் வேலை எனக்கு; அன்று காலையும் தொட்டியருகேதான் இருந்தேன். பேச்சறைக்குள் நடந்ததெல்லாம் எங்கள் மடத்துப் பாடகி பெர்பெத்துவா அக்கா பிற்காலத்தில் சொன்னது. அதையும் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் சொல்வார், பிறகு பல மாதங்கள் சொல்லமாட்டார். ஆகவே சில இடங்கள் தவறாக இருக்கலாம். விரல்களைப் பற்றிய இடங்களில் மட்டும் அவர் தடுமாறியதே இல்லை.

காலைச் செபம் முடிந்த கையோடு கிதார் அகப்பட்டுவிட்டது. பீட விரிப்புகளை அடுக்கிவைக்கும் மரப்பெட்டியில், கஞ்சி போட்டு மடித்த துணிகளுக்கு அடியில் கிடந்தது. பேராயரின் பிரதிநிதி டான் எர்கோலே அதைத் தாமே ஏந்திக்கொண்டு கூட்ட அறைக்கு வந்தார். ஏந்திய விதத்தைத்தான் பெர்பெத்துவா முதலில் கவனித்தாள். அறியாதவர்கள் கிதாரைக் கோழியைத் தூக்குவதுபோலக் கழுத்தைப் பிடித்துத் தூக்குவார்கள். இவரோ கழுத்தின் பின்புறம் கட்டைவிரலைத் தாங்கலாகக் கொடுத்து, மற்ற விரல்களை நரம்புகளின் மேல் படாமல் வளைத்து வைத்திருந்தார். இவர் வாசிக்கத் தெரிந்தவர்.

"இது யாரோடது?" என்றார்.

சுவரோரம் இருந்த பெஞ்சுகளில் கன்னியர் அனைவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாடகர் குழுவில் இருந்த எல்லாருக்கும் அது யாருடையது என்று தெரியும். மடத்துத் தலைவி தெயோதாத்தா அம்மாவுக்கும் தெரியும். ஆர்கனும், வில் போட்டு வாசிக்கும் பெரிய வியோலோனேயும் தவிர வேறு வாத்தியம் மடத்துக்குள் இருக்கக் கூடாது என்ற பேராயரின் ஆணை அதே அறையின் கதவில்தான் ஒட்டியிருந்தது. அதிலும் கிதார்! நாவிதர் கடையில் முறைக்காகக் காத்திருப்பவன் எடுத்துத் தட்டுகிற வாத்தியம்.

டான் எர்கோலே அவசரப்படவில்லை. பெஞ்சுகளைப் பார்த்தபடி நின்றார். 

"சொல்ல மாட்டீங்க. சரி. போன மாசம் உங்க பாதுகாவலர் திருநாள் அன்னிக்கு நான் ஊர் ஜனங்க நிக்கிற வெளிக்கோயில்ல நின்னுக்கிட்டிருந்தேன். கிராதிக்குப் பின்னால ஒருத்தர் இத வாசிச்சாங்க. நல்லாவே வாசிச்சாங்க. அவங்க மலை மேல இருக்கிற மடத்துக்குப் போகணும். அது தண்டனைதான், நான் வேற பேர் சொல்லப் போறதில்ல. அங்கேயிருந்து திரும்பி வர்றது கிடையாது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். அடைபட்ட மடத்திலிருந்து அடைபட்ட மடத்துக்குப் போகிறவளை இந்த மடத்தில் இருப்பவர்கள் பிறகு கண்ணால் பார்ப்பதில்லை. இறந்தால் மணி அடித்துச் செபம் சொல்வார்கள், அவ்வளவே.

பெர்பெத்துவா திரும்பித் தன் தங்கையைப் பார்த்தாள். ஒலிம்பியா அவளுக்கு அடுத்து, ஓர் ஆள் இடம் பின்தள்ளி உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அப்படித்தான் உட்காருவாள். பத்து வயது வித்தியாசம். பெற்ற தாய் இறந்த பிறகு இருவரையும் ஒரே நாளில் ஒரே வண்டியில் கொண்டுவந்து இந்த வாசலில் விட்டார்கள். ஒலிம்பியாவின் கட்டில் காற்றுப் படாத மூலையில் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியது பெர்பெத்துவா. சூப்பில் வெங்காயம் இருந்தால் ஒலிம்பியாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சமையலறையில் சொல்லிவைத்தது பெர்பெத்துவா. ஆர்கன் பழகினால் முதுகு வலிக்கும் என்று அவளுக்கு வியோலோனேயைத் தேர்ந்தெடுத்ததும் பெர்பெத்துவாதான். நான் மலைக்குப் போய்விட்டால் இவள் என்ன ஆவாள்? மலை மடம் என்று கேட்ட நிமிடத்திலிருந்து அவள் மனதில் இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. தன்னைப் பற்றிய பயம் அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்தது.

"கிதார் பிடிக்கத் தெரிஞ்சவங்க யார் யாரு?" என்றார் டான் எர்கோலே. "தெரியாதுன்னு சொல்லாதீங்க. இந்த ஊர்ல வீட்டுக்கு ஒண்ணு தொங்குது. தெரிஞ்சிருக்கிறது குத்தமில்ல."

சமையலறைப் பொறுப்பிலிருந்த பிளாண்டினா அக்கா முதலில் கையைத் தூக்கினாள். "எனக்குத் தெரியும் சாமி. ஆனா நான் வாசிச்சிருந்தா நீங்க நல்லாயிருந்துச்சுன்னு சொல்லியிருக்க மாட்டீங்க. நாய் கொலைச்சுதுன்னுதான் சொல்லியிருப்பீங்க."

ஒருவர் இருவர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள். டான் எர்கோலேயும் சிரித்தார். அது பெர்பெத்துவாவை மேலும் பயமுறுத்தியது. கோபக்காரரை எதிர்கொள்வது எப்படி என்று மடத்தில் எல்லாருக்கும் தெரியும். சிரிக்கிறவரிடம் என்ன செய்வது?

ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். எழுந்திருக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று பெர்பெத்துவாவும் எழுந்தாள். ஒலிம்பியாவும் எழுந்தாள்.

வெளியாட்களோடு கன்னியர் பேசும் பேச்சறையின் நடுவில் இரும்புக் கிராதி. வெளியாட்களின் பக்கம் டான் எர்கோலே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இந்தப் பக்கம் ஒரு முக்காலி, அதன்மேல் கிதார். சுவரோரம் சாட்சியாகத் தெயோதாத்தா அம்மா. மற்றவர்கள் வாசலில் தொங்கிய திரைக்கு வெளியே இடைகழியில் வரிசையாக நிற்க வேண்டும், பேசக் கூடாது. ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும்.

முதலில் பிளாண்டினா போனாள்.

"சிலுவை," என்ற குரல் திரைக்கு வெளியே கேட்டது. ஒரு தட்டு. "ஆ." ஒரு தட்டு. "பே."

குழந்தைகள் எழுத்துப் பழகும் பலகையில் முதலில் ஒரு சிலுவை இருக்கும், பிறகு ஆ, பே, சே என்று தொடங்கி எல்லே, ஓ எனத் தொடரும் இத்தாலிய எழுத்துகள். கிதாருக்கும் அதே வரிசைதான். சிலுவை ஒரு பிடி, ஆ ஒரு பிடி, பே ஒரு பிடி. பாட்டின் வரிகளுக்கு மேலே எழுத்துகளை மட்டும் அச்சடித்திருப்பார்கள். எழுத்தைக் கண்டதும் இடக்கை விரல்கள் தத்தம் இடத்தில் போய் உட்கார வேண்டும், வலக்கை தட்ட வேண்டும். சுரம் தெரியாதவர்களும் இப்படித்தான் ஊரெல்லாம் வாசித்தார்கள்.

"எல்லே."

பிளாண்டினா தட்டினாள். பெர்பெத்துவாவின் பல் கூசியது.

"இன்னொரு தடவை எல்லே." மறுபடி அதே சத்தம். "சரிம்மா, நீங்க போகலாம்."

பிளாண்டினா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, கண்ணை உருட்டி, பெருமூச்சு விட்டு, சமையலறைப் பக்கம் நடந்தாள்.

அடுத்தவள் போனாள். சிலுவை. ஆ. பே. ஓ. எல்லே. "இன்னொரு தடவை எல்லே. நீங்க போகலாம்." அதற்கடுத்தவளும் அப்படியே. எழுத்துகள் முன்பின்னாக மாறின. கடைசி எழுத்து மட்டும் மாறவில்லை.

குளிர்ந்த சுவரில் சாய்ந்து நின்றிருந்த பெர்பெத்துவாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

எல்லே துக்கமான பிடி. அதைப் பிடிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. அச்சுப் புத்தகங்களில் இருக்கும் வழி சுலபம்: சுட்டுவிரல் கழுத்தின் குறுக்கே கட்டிய மெட்டுகளில் முதல் மெட்டில், மற்ற மூன்று விரல்களும் மூன்றாம் மெட்டில். கை வலிக்காது. ஆனால் இரண்டாவது ஜோடி நரம்பிலிருந்து அந்தச் சுரக் கூட்டத்துக்குச் சொந்தமில்லாத ஒரு சுரம் வந்து ஒட்டிக்கொள்ளும். வேகமாகத் தட்டினால் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் பொருட்படுத்துவதில்லை. ஊர் முழுக்க அப்படித்தான் வாசித்தது. பெர்பெத்துவாவின் அம்மாவுக்கு மட்டும் அந்தச் சுரத்தைக் கேட்டால் ஆகாது. சுட்டுவிரலுக்குப் பக்கத்திலேயே அதே முதல் மெட்டில் நடுவிரலையும் நெருக்கி நுழைக்க வேண்டும், மோதிரவிரலும் சுண்டுவிரலும் இரண்டு ஓரங்களுக்கும் நீண்டு மூன்றாம் மெட்டைத் தொட வேண்டும் என்று இரு பெண்களுக்கும் அவர்தான் பழக்கினார். உள்ளங்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வருவது சுத்தமாக வரும்.

திருநாள் அன்று பெர்பெத்துவா வாசித்த பாட்டின் கடைசி வரியில் எல்லே திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் அதை நிறுத்தி, நரம்பு நரம்பாகப் பிரித்து, அது அடங்கும்வரை விட்டுவைத்தாள். வியோலோனேகூட அப்போது ஓய்ந்திருந்தது. வெளிக்கோயிலில் இருந்தவர் அதைத்தான் கேட்டிருக்கிறார். இப்போது முதல் மெட்டில் இரண்டு விரல் வைக்கிறவளைத் தேடுகிறார்.

"பெர்பெத்துவா," என்று தெயோதாத்தா அம்மா திரையை விலக்கினார்.

கிராதிக்கு அப்பால் டான் எர்கோலே முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்திருந்தார். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க பாடறவங்கதானே? குரல் கேட்டிருக்கேன். உக்காருங்கம்மா. சிலுவை."

அவள் தட்டினாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே தட்டினாள்.

"ஆ. ஓ. பே."

இந்தப் பிடிகளில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. விரல்கள் போயின, வந்தன. அடுத்தது வரப்போகிறது. சுட்டுவிரல் போகட்டும். நடுவிரலைத் தூக்கிப் பிடி. தூக்கிப் பிடி.

"எல்லே."

சுட்டுவிரல் போய் உட்கார்ந்த அதே கணத்தில் நடுவிரலும் அதன் பக்கத்தில் இறங்கத் தொடங்கியது. அவள் அதை அனுப்பவில்லை. அது தானாகப் போனது. கதவடியில் நழுவப் பார்க்கும் பூனையைக் காலால் தடுப்பதுபோல, நரம்பைத் தொடுவதற்கு ஒரு நூலிழை முன்னால் அதைத் தடுத்தாள். மூன்றாம் மெட்டுக்குத் தள்ளினாள். தட்டினாள்.

அந்த ஒட்டாத சுரம் அறைக்குள் பரவியது. அம்மா உயிரோடிருந்தால் புறங்கையில் அடித்திருப்பார்.

"இன்னொரு தடவை."

இரண்டாம் முறை தடுமாறவில்லை.

டான் எர்கோலே நிமிர்ந்தார். "போகலாம்," என்றார். குரலில் சலிப்பு இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வெளியே இடைகழியில் ஒலிம்பியா மட்டும் பாக்கி. தெயோதாத்தா அம்மா திரையைப் பிடித்தபடி நின்றதால் பேச வழியில்லை. பெர்பெத்துவா நடையைக் குறைத்தாள். தங்கையைக் கடக்கும்போது, கறுப்பு அங்கியின் மடிப்போடு ஒட்டி, இடக்கையை இடுப்பளவுக்கு உயர்த்தினாள். சுட்டுவிரல் தனியாக மடங்கியிருந்தது. மற்ற மூன்றும் அதைவிட்டு விலகி ஒன்றாக முன்னே நின்றன. அம்மாவிடம் விரல் பழகியவளுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக்காட்டவும் முடியாது: புத்தகத்து எல்லே. ஒலிம்பியா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணிமைத்து ஆம் என்றாள்.

பெர்பெத்துவா மூலை திரும்பி, சுவரோடு சுவராக நின்றுகொண்டாள். முடிந்தது, இனி ஒன்றுமில்லை, கிதார் போனால் போகட்டும், மத்தியானம் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சூப் குடிப்போம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சிலுவை. பே. ஆ."

ஒலிம்பியாவின் தட்டு மெதுவாக, தயங்கித் தயங்கி வந்தது. வீட்டை விட்டு வந்தபின் அவள் கிதாரைத் தொட்டதேயில்லை.

"எல்லே."

பிறகு நரம்பு நரம்பாக, ஒவ்வொன்றாக, சுத்தமான எல்லே வந்தது.

"இன்னொரு தடவை," என்றார் டான் எர்கோலே. நாற்காலி தரையில் உரசும் சத்தம்.

மறுபடியும் சுத்தமாக வந்தது.

"கிதார் உங்களோடதா?"

"ஆமா சாமி."

பெர்பெத்துவா திரையை விலக்கிய வேகத்தில் அதன் வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன. "இல்ல சாமி! அது என்னோடது. திருநாளுக்கு வாசிச்சது நான். இவ வீட்டை விட்டு வந்ததிலேருந்து அதத் தொட்டதில்ல."

"நீங்க வாசிச்சத இப்பத்தான் பாத்தேன்," என்றார் டான் எர்கோலே.

"வேணும்னுதான் அப்படி வாசிச்சேன். நீங்க என்ன தேடறீங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை. "அக்கா தங்கச்சியா?"

"ஆமா."

"அக்கா தங்கச்சிக்காகப் பொய் சொல்றது புதுசில்ல. தங்கச்சி அக்காவுக்காகச் சொல்றதும் புதுசில்ல. எனக்கு உங்க வாய் வேணாம். கைதான் வேணும். எந்திரிங்கம்மா, அக்கா கையில குடுங்க. அந்தத் திருநாள் பாட்டோட கடைசி வரியை வாசிக்கட்டும். நான் கேட்டது இவங்க கையிலிருந்து வருதான்னு பாத்துக்கறேன்."

பெர்பெத்துவா கையை நீட்டினாள். ஒலிம்பியா கிதாரைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்தபடியே ஒரு முறுக்காணியைத் திருகினாள்.

"நரம்பு எறங்கிப்போயிருக்கு சாமி. இந்த ஈரத்துல நிக்காது. சுருதி சேத்துக் குடுக்கறேன்."

"சேருங்க," என்றார் அவர். ஈரக் காற்றில் ஆட்டுக்குடல் நரம்பு என்ன பாடுபடுத்தும் என்று வாசிக்கிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

பெர்பெத்துவா முக்காலியருகே மண்டியிட்டாள், முறுக்காணிக்கு உதவுகிறவள்போல. ஒலிம்பியா ஒரு நரம்பை மீட்டினாள். அந்தச் சத்தத்துக்கு அடியில் இருவரும் பேசினார்கள்.

"கை காட்டினேனே, புரியலயாடீ?"

"புரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டீ?"

ஒலிம்பியா அடுத்த ஆணியைத் திருகினாள். மீட்டினாள். "போகணும்னுதான்."

"பைத்தியமா? மலை மடம்டீ. பனி. கூரை ஒழுகுமாம். நீ ஒரு தும்மல் தும்மினா மூணு நாள் படுப்பே."

"அதையும் நீதான் சொல்றே." மீட்டல். "நான் தும்மி மூணு நாள் படுத்தது எட்டு வயசுல அக்கா. அப்புறம் படுத்ததில்ல."

அதற்குப் பிறகு அப்படி ஒரு நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பெர்பெத்துவா முயன்றாள். வரவில்லை.

"உனக்காகப் பழியச் சுமக்கறேன்னு நெனைக்கறியா? அது கொஞ்சம் இருக்கு. பொய் சொல்லல." ஒலிம்பியா நரம்பின் மேல் காதைச் சாய்த்தாள். "ஆனா அது மட்டும் இல்ல. இங்க என்னை என்னன்னு கூப்பிடறாங்க? பெர்பெத்துவா தங்கச்சி. தெயோதாத்தா அம்மா கூப்பிடறதும் அப்படித்தான், அடுப்படியில கூப்பிடறதும் அப்படித்தான். வெங்காயம் எனக்குப் பிடிக்கும் அக்கா. நீ இல்லாத நாள்ல பிளாண்டினா அக்காகிட்ட கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன்."

"இத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நீ அழுவியே."

மீட்டல். இரண்டு நரம்புகள் ஒன்றோடொன்று சேராமல் அதிர்ந்தன. மெல்ல மெல்ல நெருங்கின.

"மடத்தை விட்டு மடம் மாறணும்னு நாமளா கேட்டா குடுக்க மாட்டாங்க. தண்டனைன்னா குடுப்பாங்க. இன்னிக்கு விட்டா எனக்கு வேற கதவு கெடையாது." ஒலிம்பியா முதன்முறையாக நிமிர்ந்து அக்காவின் கண்ணைப் பார்த்தாள். "நீ இப்ப சுத்தமா வாசிச்சா நீ போவே. நான் இங்கேயே உக்காந்து, போனவளோட தங்கச்சின்னு பேர் வாங்குவேன். என்னை விடு அக்கா."

"ரொம்ப நேரமாகுது," என்றார் டான் எர்கோலே.

"ஆச்சு சாமி." ஒலிம்பியா எழுந்தாள். கிதாரை அக்காவின் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு, வழக்கமாக நிற்கும் இடத்தில், அக்காவுக்கு ஓரடி பின்னால் நிற்காமல், சுவரோரம் தெயோதாத்தா அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அறை அவ்வளவு பெரிதில்லை. ஆனால் அவர் கண்களை மூடி, உதடு அசையச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல பாட்டுக்காரியையும் சுமாரான வியோலோனேக்காரியையும் நிறுத்துப் பார்த்தாரோ என்னவோ, அது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

பெர்பெத்துவா அந்தப் பாட்டின் கடைசி வரியைத் தொடங்கினாள். டான் எர்கோலே எழுந்துவந்து கிராதியில் நெற்றி படக் குனிந்தார். ஓ. பே. மறுபடி ஓ. அடுத்தது எல்லே.

சற்று முன்பு அதைக் கெடுத்து வாசித்தபோது மனம் ஒன்றாக இருந்தது. கைதான் எதிர்த்தது. தங்கையை விட்டுப் பிரியக் கூடாது என்பதற்காகக் கையை ஏமாற்றினாள், அவ்வளவே. இப்போது இரண்டு விரலையும் முதல் மெட்டில் வைத்தால் உண்மை சொன்னதாகும். அவள் உள்ளே ஓடிவந்தது அதற்காகத்தானே. உண்மை சொல்லிவிட்டு மலைக்குப் போவாள். பனியில் படுத்துக்கொண்டு, தங்கைக்காக இங்கே வந்தேன் என்று ஆயுள் முழுக்க நினைத்துக்கொள்வாள். அதில் ஒரு சுகம் இருப்பதைக்கூட அந்தக் கணத்தில் கண்டாள். அந்தச் சுகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு முதன்முறையாகத் தன்மேல் பயம் வந்தது.

சுட்டுவிரல் முதல் மெட்டுக்குப் போனது.

நடுவிரலும் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இந்தமுறை அதைத் தடுக்கவில்லை. நரம்பின் இரட்டைக் கீறல் விரல் நுனியில் பதிந்தது. மோதிரவிரல் நீண்டது. சுண்டுவிரல் நீண்டது. வலக்கை காற்றில் நின்றது. அவள் தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முகத்தைப் படிக்கப் பார்த்திருப்பாள், மறுபடியும் அவளுக்காகத் தானே முடிவு செய்திருப்பாள்.

நடுவிரலை எடுத்தாள். மூன்றாம் மெட்டில் வைத்தாள். மற்ற விரல்களும் இடம் மாறின. நரம்பு நரம்பாகப் பிரித்து, அந்த ஒட்டாத சுரம் நன்றாகக் கேட்கும்படி, மெதுவாக வாசித்தாள். அடங்கும்வரை விட்டுவைத்தாள்.

டான் எர்கோலே வெகுநேரம் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவிரல் முதலில் எங்கே போனது என்று அவர் கண்டாரா? கண்டிருக்க வேண்டும் என்றுதான் பெர்பெத்துவா கடைசிவரை சொன்னாள். ஆனால் அவர் சொன்னது வேறு.

"உங்க பாசம் புரியுதும்மா. ஆனா பாசத்துக்காகச் சொன்னாலும் பொய் பொய்தான். பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடுங்க." பிறகு ஒலிம்பியாவின் பக்கம் திரும்பினார். "உங்க பேர் என்னம்மா?"

"ஒலிம்பியா."

"ஒலிம்பியா," என்று அவர் ஒருமுறை சொல்லிப்பார்த்தார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள கெளம்பணும். கம்பளித் துணி எடுத்துக்குங்க."

"இருக்கு சாமி," என்றாள் ஒலிம்பியா.

பெர்பெத்துவா கிதாரை, பொருள்களைக் கிராதிக்கு அப்பால் அனுப்பும் சுழல் பெட்டியில் வைத்துத் திருப்பினாள். பெட்டி மரத்தில் உரசிக்கொண்டே சுற்றி, காலியாகத் திரும்பிவந்தது.

ஒலிம்பியா சனிக்கிழமை மூடுவண்டியில் மலைக்குப் போனாள். தண்டனையாக ஓராண்டு கறுப்பு முக்காடு இல்லாமல், உணவறையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு அந்த மடத்தில் பாடகர் குழுவைத் தொடங்கி நடத்தினாள், அக்காவுக்குப் பின்னும் பல ஆண்டுகள் வாழ்ந்தாள். பெர்பெத்துவா எங்கள் மடத்தில் தொண்டை கட்டிப்போகும்வரை பாடினாள். அதன் பின் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள், ஒரு கோடைக் காய்ச்சலில் இறந்தாள். அக்காவும் தங்கையும் மறுபடி சந்திக்கவில்லை. தெயோதாத்தா அம்மா அடுத்த தேர்தலில் தலைமையை இழந்தார், அதைப் பற்றி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பிளாண்டினா அக்கா சமையலறையிலேயே முதுமையடைந்தாள். டான் எர்கோலே கடற்கரைப் பக்கம் ஒரு சிறிய ஊருக்கு ஆயரானார், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கிதார் அவருடைய வீட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள், அதற்குமேல் அதைப் பற்றி எங்களுக்குத் தகவல் இல்லை.